ஒரு வீட்டுக்கு ஒரே சொல்: நாட்டு நாயைப் பழக்கும் முறை

நாய்க்குட்டி வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆனதும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "சொன்ன பேச்சு கேக்கவே மாட்டேங்கு, என்ன செய்ய?" பெரும்பாலும் குட்டியிடம் ஒரு குறையும் இருக்காது. வீட்டில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், அது யார் பேச்சைக் கேட்கும்?

திருநெல்வேலி மாவட்டம் சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் வளவில் வளர்வது ஒரு நாட்டு நாய். நிறம் செவலை, பெயரும் செவலை. அது வந்த புதிதில் ஆச்சி "உக்காரு" என்பார், தம்பி "சிட்" என்பான், அப்பா "ஏலே, சும்மா கெட" என்பார். மூன்றும் ஒன்றுதான் என்று நமக்குத் தெரியும். நாய்க்கு அவை மூன்று வெவ்வேறு சத்தங்கள். இதைச் சரிசெய்த பிறகுதான் மற்றதெல்லாம் நடந்தது. நாங்கள் செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் படி: வீட்டார் கூடிப் பேசுங்கள்

நாயைத் தொடும் முன்னால் வீட்டிலுள்ள எல்லாரும் உட்கார்ந்து இரண்டு விஷயங்களை முடிவு செய்யுங்கள். எந்தச் செயலுக்கு எந்தச் சொல்? நாய்க்கு எது கூடும், எது கூடாது? கட்டிலில் ஏறலாமா, அடுக்களைக்குள் வரலாமா, சாப்பிடும்போது இலையோரம் நிற்கலாமா என்பதெல்லாம் உங்கள் விருப்பம். ஆனால் அம்மா கூடாது என்பதைத் தாத்தா ரகசியமாக அனுமதிக்கக் கூடாது.

சொற்களைத் தேர்ந்தெடுக்கும்போது காதால் கேட்டுப் பாருங்கள். "இரு", "விடு", "எடு" மூன்றும் நாய்க்கு ஏறக்குறைய ஒரே ஓசை. அதனால் நாங்கள் இருந்த இடத்திலேயே அசையாமல் இருக்க "நில்லு" என்றும், வாயில் கவ்வியதைப் போட "விடு" என்றும் வைத்துக்கொண்டோம். மற்றவை "வா", "உட்காரு". தொடக்கத்துக்கு இந்த நாலே போதும்.

இவற்றை ஒரு தாளில் பெரிதாக எழுதி, அடுக்களையில் நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் அந்தத் தாள் இன்னும் இருக்கிறது.

இன்னொன்று, நாயின் பெயரைச் சொல்லித் திட்டாதீர்கள். பெயர் காதில் விழுந்தால் அது மகிழ்ந்து திரும்பிப் பார்க்க வேண்டும்.

தலைமை என்றால் மிரட்டுவது இல்லை

"நாய்க்கு நீதான் தலைவன்னு காட்டணும், மல்லாக்கப் போட்டு அமுக்கு" என்று சிலர் சொல்வார்கள். இந்த எண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர், அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து, அவை முதலிடத்துக்குச் சண்டையிடுகின்றன என்று எழுதினார். பிற்காலத்தில் டேவிட் மெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைக்காலம் அருகிலிருந்து பார்த்தார். அவர் 1999-இல் எழுதியது வேறு: ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம். தாயும் தகப்பனும் வழிநடத்துகிறார்கள், பிள்ளைகள் பின்னால் போகிறார்கள். அங்கே நாற்காலிச் சண்டை எதுவும் இல்லை.

நாய் ஓநாயும் இல்லை. மல்லாக்கப் போட்டு அமுக்கினால் அது பயப்படும், பயந்த நாய் கடிக்கும். நான் தலைமை என்று சொல்வது வேறு. சோறு எப்போது வரும், கதவு எப்போது திறக்கும், எதைச் செய்தால் நல்லது கிடைக்கும் என்பதை நாம் முடிவு செய்து, அந்த முடிவிலிருந்து நாளுக்கு நாள் மாறாமல் இருப்பது. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தால் நாய் அமைதியாகிவிடும்.

இரண்டாம் படி: "சபாஷ்" என்றால் என்ன என்று சொல்லிக்கொடுங்கள்

நாய் சரியாகச் செய்த அந்த நொடியில், இதற்குத்தான் பரிசு என்று அதற்குத் தெரிய வேண்டும். ஓரிரு நொடி தாமதித்தால்கூட, அது அடுத்துச் செய்ததற்குப் பரிசு என்று நினைத்துக்கொள்ளும். அதனால் பாராட்டுக்கு ஒரு சின்னச் சொல் வேண்டும். "சரி" என்று வைக்காதீர்கள். நாள் முழுக்க போனில் நூறு முறை "சரி, சரி" என்கிறோம், நாய்க்கு அது பொருளற்றுப் போகும். நாங்கள் "சபாஷ்" வைத்தோம்.

"சபாஷ்" சொல்லுங்கள், உடனே ஒரு துண்டு கொடுங்கள். ஒரு வேளைக்குப் பதினைந்து முறை என்று இரண்டு நாள் செய்தால், சொல்லைக் கேட்டதுமே குட்டி உங்கள் கையைப் பார்க்கும். பரிசுக்கு உப்பும் மசாலாவும் இல்லாமல் அவித்த கோழி அல்லது ஈரல் நல்லது. அரை நிலக்கடலை அளவு போதும். அந்த அளவை அன்றைய சாப்பாட்டில் குறைத்துவிடுங்கள். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு நஞ்சு. வேகவைத்த எலும்பு குத்தும்படி உடையும், அதுவும் வேண்டாம்.

மூன்றாம் படி: வெளியே போகும் பழக்கம்

இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் புறவாசலில் ஒரே இடத்துக்குக் கொண்டுபோங்கள். எங்களுக்கு வேப்பமரத்தடி. போய் முடித்ததும் "சபாஷ்". பட்டாசலில் (வீட்டுக் கூடத்தில்) போய்விட்டால் மூக்கைத் தேய்ப்பதும் அடிப்பதும் வேண்டாம். அப்படிச் செய்தால், உங்கள் கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியில் போகத்தான் அது கற்றுக்கொள்ளும். வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்து மணத்தைப் போக்கினால் போதும்.

நான்காம் படி: உட்காரு, நில்லு

துண்டை மூக்கின் முன் பிடித்து, மெதுவாகத் தலைக்கு மேலே பின்பக்கமாக நகர்த்துங்கள். தலை நிமிர்ந்தால் பின்பகுதி தானாகத் தரையில் படும். பட்டதும் "சபாஷ்", துண்டு. இப்படிப் பத்து முறை. அது நன்றாக வந்த பிறகு, கை நகரும் முன்னால் "உட்காரு" என்ற சொல்லைச் சேருங்கள். ஒரே தடவை சொல்லிவிட்டுக் காத்திருங்கள். "உட்காரு, உட்காரு, உட்காருலே" என்று ஐந்து முறை சொன்னால், ஐந்தாவது முறைக்குத்தான் உட்கார வேண்டும் என்று அது பழகிவிடும்.

உட்கார்ந்த நாய்க்கு "நில்லு" சொல்லிக்கொடுக்க, முதலில் ஒரு நொடி, பிறகு மூன்று, பிறகு ஓரடி பின்னால் நகர்ந்து ஐந்து. நாய் எழுந்துவிட்டால் அவசரப்பட்டது நாம்தான், ஒரு படி இறங்கி வாருங்கள்.

பட்டாசலில் கற்றது தார்சாவில் (வீட்டின் முன்பகுதியில்) செல்லாது, தார்சாவில் கற்றது தெருவில் செல்லாது. இடம் மாறினால் நாய்க்குப் பாடமே புதிது. ஒவ்வோர் இடத்திலும் முதலிலிருந்து தொடங்குங்கள், இரண்டாம் முறை வேகமாக வரும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று தடவை. அதற்கு மேல் குட்டிக்கு மனம் நிற்காது.

ஐந்தாம் படி: வா

இதில்தான் நான் பெரிய தப்புச் செய்தேன். நாயின் உயிரைக் காப்பாற்றும் சொல்லும் இதுதான், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

செவலைக்கு எட்டு மாதம் இருக்கும். அறுவடை முடிந்து, கன்னடியன் கால்வாய்க் கரையோர வயல்களில் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். கயிறு இல்லாமல் கூட்டிப்போன என் கண் முன்னாலேயே அது கிடைக்குள் பாய்ந்தது. ஆடுகள் சிதறின, ஆட்டுக்காரர் கம்போடு ஓடிவந்தார். நான் தொண்டை கிழிய "வாலே, வா!" என்று கத்தினேன். வெகுநேரம் கழித்துச் செவலை வந்தது. வந்ததும் கோபத்தில் அடித்துவிட்டேன்.

அது புரிந்துகொண்டது ஆட்டைத் துரத்தினால் அடி என்பதை அல்ல, "வா" என்று கேட்டுப் பக்கத்தில் போனால் அடி என்பதை. அடுத்த மூன்று வாரம் "வா" என்றாலே வாலைக் கவட்டுக்குள் இடுக்கிக்கொண்டு தூரத்தில் நின்றுவிடும். அந்தப் பார்வையை நினைத்தால் இன்னும் மனசு சங்கடப்படுகிறது.

கெட்டுப்போன சொல்லைப் பழுதுபார்ப்பதைவிடப் புதுச்சொல் சுலபம். தாளில் "வா"வை அடித்துவிட்டு "வந்துரு" என்று எழுதினோம். வீட்டுக்குள் இரண்டடி தூரத்திலிருந்து "வந்துரு", வந்ததும் ஈரல். பிறகு பட்டாசலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி, பிறகு புறவாசல். வெளியில் பத்து மீட்டர் வாளிக்கயிறு. அதைக் கழுத்துப்பட்டையில் கட்டாமல் மார்புப்பட்டையில் கட்டுங்கள், திடீரென்று இழுபட்டால் கழுத்து தாங்காது. கூப்பிடும்போது குனிந்து, கையை விரித்து, சந்தோஷமான குரலில் கூப்பிடுங்கள். வராவிட்டால் கயிற்றை இழுக்காமல் நீங்கள் எதிர்ப்பக்கம் ஓடுங்கள், அது துரத்தி வரும்.

குளிப்பாட்டவும், மருந்து போடவும், கட்டிப்போடவும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தாதீர்கள். அதற்கு நீங்களே போய் அழைத்து வாருங்கள். எவ்வளவு தாமதமாக வந்தாலும், என்ன சேட்டை செய்துவிட்டு வந்தாலும், வந்த நாய்க்குப் பாராட்டு மட்டும்தான்.

நம் பக்கம் பலர் சிப்பிப்பாறையும் கன்னியும் வளர்க்கிறார்கள். அவை கண்ணால் பார்த்துத் துரத்தும் இனங்கள், அசைவது கண்ணில் பட்டால் காது அடைத்துவிடும். அவற்றைத் திறந்தவெளியில் கயிறில்லாமல் விடவே வேண்டாம். முயல் வேட்டை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆறாம் படி: ஆள்மேல் பாய்வதை நிறுத்துதல்

குட்டியில் காலைக் கட்டிக்கொண்டால் கொஞ்சுகிறோம். பதினைந்து கிலோ ஆனபின் அதே காரியத்தைச் செய்தால் ஆச்சி விழுந்து இடுப்பு ஒடியும். முதல் நாளிலிருந்தே கூடாது என்று வைத்துவிடுங்கள்.

பாய்ந்தால் கையைக் கட்டிக்கொண்டு முதுகைக் காட்டுங்கள். பார்க்காதீர்கள், பேசாதீர்கள், தள்ளாதீர்கள், தள்ளுவதும் அதற்கு விளையாட்டே. நாலு காலும் தரையில் பட்டதும் திரும்பித் தடவிக்கொடுங்கள். முதல் சில நாள் இன்னும் அதிகமாகப் பாயும். இதுவரை பலித்தது ஏன் பலிக்கவில்லை என்று முழு மூச்சாக முயன்று பார்க்கிறது. பலரும் அங்கேதான் கைவிடுகிறார்கள். பத்துத் தடவையில் ஒரு தடவை இளகிவிட்டால், ஒன்பது தடவை தோற்றாலும் பத்தாவது பலிக்கும் என்று நாய் கற்றுக்கொள்ளும். லாட்டரிச் சீட்டு வாங்குகிறவர் விடாமல் வாங்குவதும் இதனால்தான்.

பால்காரரிடமும் கீரைக்கார அம்மாவிடமும்கூட நாங்கள் சொல்லிவைத்தோம். "நாலு காலும் தரையில இருந்தா மட்டும் பேசுங்க." பால்காரர் ஒரே வாரத்தில் எங்களைவிடக் கண்டிப்பானார்.

ஏழாம் படி: கயிறு பிடித்து நடத்தல்

கயிறு இறுகினால் நில்லுங்கள், தளர்ந்தால் நடங்கள். முதல் வாரம் தெருமுனை வரை போக இருபது நிமிடம் ஆகும், பரவாயில்லை. நாய் இழுத்து, நாமும் இழுபட்டுப் போனால், இழுத்தால் போகலாம் என்று நாமே சொல்லிக்கொடுத்தவர்கள் ஆகிறோம்.

நம் வெயிலில் நேரம் முக்கியம். காலை ஏழுக்கு முன்னும் பொழுது அடைந்த பின்னும் நடங்கள். புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்து ஏழு எண்ணும்வரை பொறுக்க முடியாவிட்டால், நாயின் பாதமும் பொறுக்காது. தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருநாய்கள் நடமாடும் இடத்தில் இறக்க வேண்டாம். அதற்காக வீட்டுக்குள் அடைத்தும் வைக்காதீர்கள். மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காம் வாரம் வரை பார்த்துப் பழகியதைத்தான் அது வாழ்நாள் முழுக்கப் பயப்படாமல் ஏற்கும். தூக்கிக்கொண்டு போய்ப் பேருந்து, கொட்டுச் சத்தம், மாட்டுவண்டி எல்லாம் தூரத்திலிருந்து காட்டுங்கள். வெறிநாய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில், பிறகு மருத்துவர் சொல்கிறபடி ஆண்டுதோறும்.

நாய் உறுமினால் அடக்காதீர்கள். உறுமல் எச்சரிக்கை, அதை அடித்து நிறுத்தினால் எச்சரிக்காமல் கடிக்கும். நல்ல நாய் திடீரென்று உறுமத் தொடங்கினால் காதிலோ பல்லிலோ வலி இருக்கலாம். முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

வெளியூர் போகும்போது

கல்யாணம், கோயில் கொடை என்று இரண்டு நாள் வெளியூர் போனால், நாயைப் பார்த்துக்கொள்பவருக்கு உங்கள் பழக்கம் தெரியாது. இரண்டு நாளில் புதுச்சொல் நுழையும், கட்டிலில் ஏறலாம் என்றும் ஆகிவிடும். நாங்கள் பக்கத்து வீட்டு அத்தையிடம் சாவியையும் சோற்றுத் தட்டையும் கொடுக்கும்போது அடுக்களைத் தாளின் நகலையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறோம்.