ஜெபம் பண்ணவே கூச்சமாக இருக்கிறதா? தேவனிடம் திரும்பிப் போவது எப்படி

பாவம் செய்த பிறகு வேதத்தை எடுக்கக் கை வராது. கண்ணை மூடினால் வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடும். 'முதலில் கொஞ்சம் ஒழுங்காகிவிட்டு அப்புறம் போகலாம்' என்று நாளைத் தள்ளுவோம். நானும் மாதக்கணக்கில் தள்ளியிருக்கிறேன், தூரம் கூடியதுதான் மிச்சம். தயவுசெய்து அப்படிக் காத்திருக்காதீர்கள்.

முதலில், நடுவில் நிற்பது எது என்று உண்மையாகப் பாருங்கள். அது வெறும் மனக்கூச்சம் இல்லை. "உங்கள் அக்கிரமங்களே உங்களுக்கும் உங்கள் தேவனுக்கும் நடுவாகப் பிரிவினை உண்டாக்குகிறது" என்கிறது ஏசாயா 59:2. பாவத்தின் சம்பளம் மரணம், அதை நம் நற்செயல்களைக் கூட்டிக் கழித்துத் தீர்க்க முடியாது. அதனால்தான் சிலுவை. இயேசு ஜீவனை விட்டபோது, தேவனுடைய சந்நிதிக்குப் போகும் வழியை மறைத்திருந்த தேவாலயத்தின் திரைச்சீலை மேலிருந்து கீழ்வரை இரண்டாகக் கிழிந்தது என்று மத்தேயு எழுதுகிறார். மேலிருந்து, கவனியுங்கள். வழியைத் திறந்தது நாம் இல்லை.

சரி, இப்போது ஜெபியுங்கள். 'தெரிந்தும் தெரியாமலும் செய்த பாவங்களை மன்னியும்' என்று பொதுவாகச் சொல்லித் தப்பிக்க வேண்டாம். பொய் சொன்னேன், இன்னாருடைய பணத்தை எடுத்தேன் என்று பெயர் வைத்துச் சொல்லுங்கள். நீளமாக இருக்க வேண்டியதில்லை. லூக்கா 18-ல் ஆயக்காரன், அதாவது வரி வசூலிப்பவன், வானத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், மார்பில் அடித்துக்கொண்டு "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்ற ஒரே வரியைச் சொன்னான், நீதிமானாக வீடு திரும்பினான்.

எனக்கு அதைவிட நெருக்கமானது லூக்கா 15-ல் வரும், தகப்பனிடம் சொத்தில் பங்கு வாங்கிப் போய் அதை அழித்துவிட்ட இளைய மகன். பன்றி மேய்த்த இடத்திலேயே பேச வேண்டியதைத் தயார் செய்கிறான்: பாவம் செய்தேன், உம்முடைய குமாரன் எனப்பட நான் பாத்திரனல்ல, கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும். ஆனால் தகப்பன் அவனைத் தூரத்திலேயே கண்டு, ஓடிவந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டுவிடுகிறார். மகன் முதல் இரண்டையும் சொல்கிறான், அந்தக் கூலிக்காரப் பேச்சு மட்டும் வெளியே வரவே இல்லை, அதற்குள் தகப்பன் உயர்ந்த வஸ்திரம் கொண்டுவரச் சொல்லிவிட்டார். குளித்துவிட்டு வா என்று யாரும் அவனை அனுப்பவில்லை.

அப்புறம், யாருக்காவது நஷ்டம் செய்திருந்தால் போய்ச் சரிசெய்யுங்கள். வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திருப்பித் தருவதாக இயேசுவிடம் சொன்னான். ஆனால் அதற்கு முன்பே இயேசு 'இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும்' என்று சொல்லிவிட்டார், இந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள். இரட்சிப்பு கிருபையால், விசுவாசத்தைக் கொண்டு கிடைப்பது (எபேசியர் 2:8). ஈடு செய்வது அதற்கான விலை இல்லை.

மறுபடி விழுந்தால்? பாவங்களை அறிக்கையிட்டால் அவர் மன்னிப்பார் என்று சொல்லும் 1 யோவான் 1:9-ஐத் திறந்து வைத்துக்கொண்டு அன்றைக்கே போங்கள், இரவு ஜெபம் வரை காத்திருக்க வேண்டாம்.