.22 பிஸ்டல் பயிற்சிக்கு ரேஞ்ச் பை தயார் செய்வது எப்படி?

புதிதாகச் சுடப் பழகுகிறவர்கள் எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்று மாதக்கணக்கில் யோசிப்பார்கள். பையைப் பற்றிக் கிளம்பும் நேரத்தில்தான் நினைப்பு வரும். நான் சொல்லித்தரும் முறை எளிமையானது: ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சித் தளத்தில், எது முதலில் கைக்கு வர வேண்டுமோ, அது பையில் மேலே இருக்கட்டும்.

உரிமம், துப்பாக்கியை எடுத்துச் செல்லும் விதிகள் எல்லாம் இடத்துக்கு இடம் மாறும். அவற்றை உங்கள் கிளப்பில் கேட்டுத் தெளிந்த பிறகு பையைக் கையில் எடுங்கள்.

படி 1: காதும் கண்ணும்

பணம் குறைவாக இருந்தால் மற்ற எல்லாவற்றையும் தள்ளிப்போட்டு இதை முதலில் வாங்குங்கள். தோட்டா சின்னதுதானே என்று பலர் அசட்டையாக இருக்கிறார்கள். பிஸ்டலின் குழல் குட்டை என்பதால் வெடிப்பு முகத்துக்கு அருகிலேயே நடக்கிறது. சத்தத்தின் உச்சம் 140 டெசிபலைத் தாண்டலாம். அந்த அளவில் ஒரே வெடி கூடக் காதைப் பாதிக்கும். போன கேள்திறன் திரும்பி வராது. பஞ்சு வைத்துக்கொள்வது பாதுகாப்பே அல்ல.

திறந்தவெளியில் காதை வெளியே மூடும் நல்ல இயர் மஃப் ஒன்று போதும். உள்ளரங்கில் காதுக்குள் ஃபோம் பிளக், அதன் மேல் மஃப் என இரண்டும் வேண்டும். ஃபோம் பிளக்கை மெல்லிசாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்து உள்ளே செலுத்துங்கள். அது விரிந்து அடைக்கும்வரை விரலை எடுக்காதீர்கள்.

கண்ணாடி பாலிகார்பனேட்டாக, பக்கவாட்டையும் மறைப்பதாக இருக்க வேண்டும். அதன் காம்பு தடிமனாக இருந்தால் மஃப் காதோடு ஒட்டாமல் இடைவெளி விழும். அதனால் இரண்டையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தே வாங்குங்கள். முன்விளிம்புள்ள தொப்பியும் கழுத்தை மூடும் சட்டையும் சூடான வெற்றுத் தோட்டாக்கூடு உள்ளே விழாமல் காக்கும்.

படி 2: பாதுகாப்புக் கொடி

சேம்பருக்குள், அதாவது சுடும்போது தோட்டா அமரும் அறைக்குள், செருகும் பளிச்சென்ற நிறத்துப் பிளாஸ்டிக் துண்டு இது. துப்பாக்கி காலியாக இருப்பதைத் தூரத்தில் நிற்பவருக்கும் காட்டும். விலை அற்பம், இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: பிஸ்டலும் மேகசின்களும்

பிஸ்டல் காலியாக, கொடி செருகிய நிலையில் பூட்டும் பெட்டிக்குள் இருக்கட்டும். தோட்டாக்களை அடுக்கிப் பிஸ்டலில் செருகும் மேகசின்களில் 1, 2, 3 என்று எண் எழுதுங்கள். தோட்டா அடிக்கடி சிக்கினால் கோளாறு எந்த மேகசினில் என்பது உடனே தெரிந்துவிடும்.

படி 4: தோட்டா

இந்தப் பிஸ்டலுக்கான .22 எல்ஆர் (லாங் ரைஃபிள்) தோட்டா 1887-இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. இதில் தீப்பற்றும் மருந்து அடிவிளிம்பைச் சுற்றி உள்ளே இருக்கும். துப்பாக்கியின் ஃபயரிங் பின் (சுடும் ஊசி) அந்த விளிம்பை நசுக்கும்போது வெடிக்கும். இந்த வகைத் தோட்டாவை ரிம்ஃபயர் என்பார்கள். மருந்து விளிம்பு முழுக்கச் சீராகப் பரவாத தோட்டாக்கள் அவ்வப்போது வரும். அதனால் 'கிளிக்' என்ற ஒலியோடு நின்றுவிடுவது ரிம்ஃபயரில் சற்று அதிகம். அப்படி நடந்தால் குழலை இலக்கை நோக்கியே பிடித்து, குறைந்தது 30 விநாடி காத்திருங்கள். பிறகு தோட்டாவை வெளியே எடுத்து, ரேஞ்சில் அதற்கென வைத்திருக்கும் பெட்டியில் போடுங்கள்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது, வழக்கத்தைவிட மங்கலான 'பொத்' சத்தம். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்த தோட்டாவைச் சுடவே கூடாது. உடனே நிறுத்தி ரேஞ்ச் அதிகாரியைக் கூப்பிடுங்கள்.

தொடங்குவதற்கு 40 கிரெயின், அதாவது சுமார் 2.6 கிராம் எடைக் குண்டு உள்ள 'ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி' (சாதாரண வேக) வகை நல்லது. ஆனால் மொத்தமாக வாங்கிவிடாதீர்கள். ஒரே வகைத் தோட்டா ஒரு பிஸ்டலில் வழுக்கிக்கொண்டு ஓடும், இன்னொன்றில் சிக்கும். மூன்று பிராண்டுகளில் ஒவ்வொரு சிறு பெட்டி வாங்கி, கையைத் தாங்கில் வைத்து, ஒரே தூரத்தில் ஐந்தைந்தாகச் சுடுங்கள். சிக்காமல், தாளில் நெருக்கமாக விழும் வகையே உங்களுடையது.

படி 5: பக்கப் பையில்

குறிபார்க்கும் சைட்டின் திருகுக்குப் பொருந்தும் ஸ்க்ரூட்ரைவர், குழல் பிரஷ், சின்ன எண்ணெய்ப் புட்டி, துணி, இலக்குத் தாள், ஸ்டேப்ளர், டேப், பேனா, குறிப்பேடு. முதலுதவிப் பொருட்களை மட்டும் தனி நிறப் பையில், தேடாமல் கிடைக்கும்படி வையுங்கள்.

படி 6: ஈயம்

குண்டு பெரும்பாலும் ஈயம். தீப்பற்றும் மருந்திலும் வழக்கமாக ஈயச் சேர்மம் உண்டு. சுட்டு முடித்ததும் கையிலும் முகத்திலும் அந்தத் தூசி இருக்கும். தின்பண்டமும் தண்ணீரும் இந்தப் பைக்குள் வேண்டாம். சோப்பு ஒன்று வைத்துக்கொண்டு, எதையும் சாப்பிடுமுன் கைகளையும் முகத்தையும் கழுவுங்கள். துடைத்த துணிக்கு மூடும் உறை ஒன்று தனியாக வேண்டும். சிறு பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் உடையை மாற்றிய பிறகே அவர்களைத் தூக்குங்கள்.

வீடு திரும்பியதும் பையையும் சட்டைப் பாக்கெட்டுகளையும் முழுக்கக் காலி செய்து பாருங்கள். மடிப்பில் சுடாத தோட்டா ஒன்று ஒளிந்திருக்கலாம். அதே பையை விமானப் பயணத்துக்கு எடுத்துச் செல்லவே செல்லாதீர்கள்.