வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டோடு நீலகிரியில் வாடகை வீடு: எதை முதலில் செய்வது?

மலேசியா, இலங்கை, கனடா, பிரிட்டன் என்று எந்த நாட்டுக் குடியுரிமையோடு இருந்தாலும் சரி, ஆறு மாதமோ ஒரு வருடமோ நீலகிரியில் வாடகை வீடு எடுத்துத் தங்க வரும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்களுக்காக இங்கே வீடு தேடி அலையும் அண்ணன், மாமா, சித்தப்பாக்களுக்கும் இது பயன்படும். செய்ய வேண்டிய வேலை எதுவும் கடினமில்லை. வரிசைதான் முக்கியம். வீட்டு ஒப்பந்தம் சரியாக இல்லாவிட்டால் வருகைப் படிவம் (நீங்கள் தங்க வந்ததை வீட்டுக்காரர் அரசுக்குத் தெரிவிக்கும் படிவம்) நிற்கும், அது நின்றால் வெளிநாட்டவர் பதிவு நிற்கும், கடைசியில் கேஸ் இணைப்பு வரைக்கும் எல்லாம் தள்ளிப்போகும்.

விசா எடுப்பதையும் டிக்கெட் போடுவதையும் இங்கே சொல்லப்போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

படி 1: ஊரை மழையை வைத்து முடிவு செய்யுங்கள்

நீலகிரி முழுக்க ஒரே மழை இல்லை. ஊட்டி, குந்தா, கூடலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைதான் கனமழை. வீட்டை அந்தந்த ஊரின் மழைக்காலத்தில் பார்த்தால்தான் அதன் உண்மை தெரியும். ஏப்ரல் வெயிலில் எல்லா வீடும் அழகாகத்தான் இருக்கும்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை பள்ளமான இடங்களில் உறைபனி விழும். வயதானவர்களோ ஆஸ்துமா உள்ளவர்களோ வீட்டில் இருந்தால் நான் குன்னூரையோ கோத்தகிரியையோதான் சொல்வேன். கூடலூர், பந்தலூர் பக்கம் வீடு எடுத்தால், இடம் ‘பிரிவு 17’ நிலத்தில் வருகிறதா என்று கேட்டுவிடுங்கள். ஜென்மி என்ற நிலவுடைமையாளர்களின் நிலங்களை அரசு எடுத்துக்கொண்ட 1969 ஜென்மம் சட்டத்தின் கீழ் நெடுங்காலமாகத் தீராத விவகாரம் அது. அந்த நிலத்தில் மின் இணைப்பு கிடைக்காமல் தவிக்கும் வீடுகள் உண்டு.

படி 2: வீட்டுக்குள் போனதும் பார்க்க வேண்டியவை

முதலில் வீட்டின் பின்பக்கம் போங்கள். மலையில் பெரும்பாலான வீடுகள் சரிவை வெட்டிக் கட்டியவை. வெட்டிய மண்ணுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே ஆள் நடக்கிற அளவு இடைவெளியும், மழைநீர் ஓட வாய்க்காலும் இருக்க வேண்டும். தடுப்புச் சுவரில் நீர் வடிவதற்கு விட்டிருக்கும் துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா பாருங்கள். துளை அடைத்துக்கொண்டால் மண் தண்ணீரைக் குடித்துக் கனத்து, சுவரைத் தள்ளும். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, கேத்தி பகுதிகளில் மண் சரிந்து பல உயிர்கள் போனதை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. சுவர் வயிறு தள்ளியிருந்தால் எவ்வளவு குறைந்த வாடகைக்குக் கிடைத்தாலும் அந்த வீடு வேண்டாம்.

அடுத்தது ஓதம். புதிதாக வெள்ளையடித்த சுவரை நம்பாதீர்கள். அலமாரியைத் திறந்து முகர்ந்து பாருங்கள், பூஞ்சண வாடை பெயின்ட்டுக்கு அடங்காது. சந்தேகம் இருந்தால் ஒரு அடிக்கு ஒரு அடி கண்ணாடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளுக்கு உள்பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது என்று அர்த்தம். வீட்டுக்காரர் கூரையையோ வாய்க்காலையோ சரிசெய்யாமல் அது போகாது. வெளிப்பக்கம் ஈரமாக இருந்தால் அது அறைக்குள் இருக்கும் ஆவி. சமையலறைக் கதவைச் சாத்தி, ஜன்னலைப் பகலில் இரண்டு மணி நேரம் திறந்து வைத்தாலே குறையும். எந்த வீடானாலும் பீரோவைச் சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளியே போடுங்கள்.

தண்ணீரைப் பற்றி வீட்டுக்காரரைவிடப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்பது நல்லது. “கோடையில எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணி விடுவாங்க?” என்று கேட்டால் போதும். எட்டு நாளுக்கு ஒருமுறை என்றால், மூன்று பேர் உள்ள வீட்டுக்கு ஆளுக்கு நூறு லிட்டர் வீதம் 2,400 லிட்டர் வேண்டும். மொட்டைமாடியில் ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் மட்டும் இருந்தால் மீதிக்கு லாரித் தண்ணீர்தான். லாரி வீட்டு வாசல் வரை ஏறுமா என்பதையும் அப்போதே பாருங்கள். படிக்கட்டில் இறங்கிப் போகும் வீடுகள் இங்கே ஏராளம்.

படி 3: ஒப்பந்தம்

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் இணையத்தில் பதிவு செய்து பதிவெண் வாங்க வேண்டும். சட்டம் சொல்லும் அட்வான்ஸ் மூன்று மாத வாடகை. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு தொகை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு பேச இடமிருக்காது. பேரத்தைக் கையெழுத்துக்கு முன்பே முடியுங்கள்.

வாடகையே இல்லாமல் பெரிய தொகையைக் கொடுத்துத் தங்கும் ஒத்தி முறை உள்ளூர்க்காரர்களுக்குச் சரிப்படலாம். வெளிநாட்டுக் குடிமக்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். தொகை திரும்பி வரும் நாளும் உங்கள் விசா முடியும் நாளும் ஒத்துப்போவது அரிது. மாத வாடகையே நல்லது. ஐந்து ஆண்டுக்கு மிகாத குத்தகைக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி தேவையில்லை. இலங்கைக் குடிமக்களுக்கும் இதே விதிதான்.

இனி, பெரும்பாலான விண்ணப்பங்கள் திரும்பி வருவதற்கான காரணம்: பெயர். நம் வழக்கப்படி வீட்டுக்காரர் ‘எஸ். கமலா’ என்று எழுதிவிடுவார். பாஸ்போர்ட்டில் ‘கமலா சுப்பிரமணியம்’ என்று இருக்கும். அதிகாரி பார்வையில் இவர்கள் இரண்டு பேர். ஒப்பந்தத்தில் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். பாஸ்போர்ட் எண்ணும் சேர்ந்திருக்கட்டும். வீட்டு முகவரியும் மின்கட்டண ரசீதில் உள்ளபடியே இருக்க வேண்டும். கதவு எண் பழையது, புதியது என்று இரண்டு இருந்தால் இரண்டையும் எழுதுங்கள்.

இதோடு வீட்டுக்காரரிடம் வாங்க வேண்டியவை: அவருடைய அடையாள அட்டை நகல், சொத்துவரி ரசீது நகல், கடைசி மின்கட்டண ரசீது. மின் இணைப்பு இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும் வீடுகள் மலையில் நிறைய. அப்படியானால், ‘இந்த இணைப்பு எண் உள்ள வீட்டின் உரிமையாளர் நான், இன்னாருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன்’ என்று ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 4: வருகைப் படிவம் (இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள்)

வெளிநாட்டுக் குடிமகன் ஒருவர் வீட்டில் தங்க வந்தால், அந்த விவரத்தை 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் தெரிவிக்க வேண்டியது தங்க இடம் கொடுப்பவரின் கடமை. ‘சி படிவம்’ என்றே எல்லோரும் சொல்கிறார்கள். 2025 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த புதிய குடிவரவுச் சட்டத்திலும் இந்தக் கடமை தொடர்கிறது. லாட்ஜுக்கு மட்டும்தான் என்று நினைப்பது தவறு, வாடகை வீட்டுக்கும் உண்டு. ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்தியா தரும் அட்டை) வைத்திருப்பவருக்கும் உண்டு.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், படிவத்தை நிரப்புவதற்கு முன் வீட்டுக்காரர் அந்தத் தளத்தில் தன் பெயரில் கணக்குத் தொடங்க வேண்டும். வெளிநாட்டவர் பதிவு அலுவலகம் அந்தக் கணக்குக்கு ஒப்புதல் தர வேண்டும். ஒப்புதல் உடனே வராது. நீங்கள் வந்து இறங்கிய பிறகு கணக்குத் தொடங்கினால் 24 மணி நேரம் காத்திருப்பிலேயே போய்விடும். ஆகவே ஒப்பந்தம் கையெழுத்தான அன்றே, நீங்கள் இன்னும் உங்கள் ஊரில் இருக்கும்போதே, கணக்கைத் தொடங்கச் சொல்லுங்கள்.

பல வீட்டுக்காரர்களுக்கு இது போலீஸ் விவகாரம் என்று பயம். பயப்பட ஒன்றுமில்லை. படிவம் போடாமல் இருப்பதுதான் அவருக்குச் சிக்கல். “அண்ணா, இது உங்க பாதுகாப்புக்குத்தான், நானே பக்கத்துல உக்காந்து நிரப்பித் தர்றேன்” என்று உள்ளூர் உறவினர் ஒருவர் சொன்னால் வேலை நடந்துவிடும். படிவத்தில் இரண்டு தேதிகள் கேட்பார்கள்: இந்தியாவுக்குள் நுழைந்த தேதி, இந்த வீட்டுக்கு வந்த தேதி. இரண்டையும் குழப்பிவிடாதீர்கள். முடிந்ததும் அச்செடுத்து இரண்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

விசா 180 நாளுக்கு மேற்பட்டதாக இருந்து, விசாவில் பதிவு செய்யச் சொல்லியிருந்தால், வந்த 14 நாளுக்குள் இணையத்தில் வெளிநாட்டவர் பதிவும் செய்ய வேண்டும். அதற்குத் தங்குமிடச் சான்றாக இந்த வருகைப் படிவ நகலும் படி 3-இல் சேர்த்த காகிதங்களும் உதவும்.

படி 5: மலை ஏறுவது

கோவை விமான நிலையம்தான் வசதி. 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். இந்திய போன் எண் இல்லாதவர்கள் மின்னஞ்சல் முகவரி கொடுத்தே எடுக்கலாம். என்னைக் கேட்டால் அந்தத் தலைவலியே வேண்டாம். குன்னூரிலிருந்து டி.என். 43 பதிவெண் உள்ள டாக்ஸியை வரச் சொல்லுங்கள், உள்ளூர் வண்டிக்கு இ-பாஸ் கேட்க மாட்டார்கள். மலைப்பாதை ஓட்டுநருக்கு வளைவுகளும் தெரியும், எந்தச் சாலையில் மரம் விழுந்திருக்கிறது என்பதும் தெரியும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழி, கோத்தகிரி வழி என்று இரண்டு சாலைகள். மழைக்காலத்தில் ஒன்று அடைபட்டால் மற்றதில் ஏற வேண்டும். ஆகவே பகல் பொழுதில் ஏறும்படி விமானத்தைத் தேர்ந்தெடுங்கள். மைசூர் வழியாக வருகிறவர்கள் இரவு 9 முதல் காலை 6 வரை பந்திப்பூர் சாலை மூடப்படும் என்பதை நினைவில் வையுங்கள். மலை ரயில் அருமையான பயணம்தான், ஆனால் ஊட்டி வரை 46 கிலோமீட்டரை ஏற ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எடுக்கும் வண்டி அது. நான்கு சூட்கேஸோடு ஏற அது இடமில்லை.

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் மாவட்டத்துக்குள் தடை. சோதனைச்சாவடியில் பைகளையும் சின்ன தண்ணீர் பாட்டில்களையும் எடுத்துவிடுவார்கள், அபராதமும் உண்டு. எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள். துணிகளைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி அடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

படி 6: முதல் வாரம்

முதலில் சிம். ஓ.டி.பி. இல்லாமல் அடுத்து எதுவும் நகராது. வாங்குவதற்கு முன் வீட்டின் உள்ளறையில் எந்த நிறுவனத்தின் சிக்னல் கிடைக்கிறது என்று உள்ளூர் ஆள் ஒருவரின் போனை வைத்துப் பாருங்கள். ஒரு வளைவு தாண்டினால் சிக்னல் மாறும் ஊர் இது.

கேஸ் இணைப்புக்குக் காத்திருக்கும் நாட்களில் அடையாளச் சான்று காட்டி 5 கிலோ சிலிண்டர் வாங்கிக்கொள்ளலாம். மூன்று பேருக்குச் சமைக்க இதுவே தாக்குப்பிடிக்கும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஊட்டியில் தண்ணீர் சுமார் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் எவ்வளவு நேரம் கொதித்தாலும் சூடு அதற்கு மேல் ஏறாது. குக்கரிலும் சமவெளிக் கணக்குக்கு இரண்டு விசில் கூட வையுங்கள்.

இங்கே மின்சாரம் 230 வோல்ட். கனடா, அமெரிக்காவிலிருந்து 110 வோல்ட் மிக்ஸி, முடி உலர்த்தி கொண்டுவந்தால் செருகிய நொடியில் புகையும். மலேசியா, பிரிட்டன் சாமான்களுக்குப் பிளக் மாற்றி மட்டும் போதும். பழைய பங்களாக்களில் மூன்று துளை பிளக் இருக்கும், எர்த் கம்பி இருக்காது. கீசரை இயக்குவதற்கு முன் எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் பார்த்து, மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்று போடச் சொல்லுங்கள். செலவு வீட்டுக்காரருடையது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். 2,000 வாட் ஹீட்டர் தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 600 யூனிட். பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும், யூனிட் கூடக் கூட விகிதமும் ஏறும். ஹீட்டரைவிட நல்ல ரஜாயும் வெந்நீர்ப் பையும் மேல்.

இதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள்: குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்காதீர்கள். புகை அடங்கிய கங்கிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வருகிறது. வாசனை இல்லை, இருமல் வராது, தூக்கத்திலேயே உயிர் போகும். ஜன்னல் இல்லாத குளியலறையில் கேஸ் கீசரும் இதே ஆபத்துதான். அப்படி இருந்தால் மின்சார கீசருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள், மாற்றும்வரை அதில் குளிக்க வேண்டாம்.

பின்சேர்ப்பு

படித்தவர்கள் அதிகம் கேட்டது குப்பையும் விலங்கும். இரவில் சமையல் கழிவை வெளியே வைக்காதீர்கள். கரடி எண்ணெய் வாடைக்கு வரும். விளக்கெண்ணெய், நல்லெண்ணெய், பழுத்த பலா எதையும் வராந்தாவில் விட வேண்டாம். நாயை இரவில் உள்ளே கட்டுங்கள், சிறுத்தைக்கு முதல் இரை அதுதான். விடியற்காலையில் கதவைத் திறப்பதற்கு முன் வெளி விளக்கைப் போட்டு ஜன்னல் வழியாகப் பாருங்கள். காட்டுமாடு முற்றத்தில் நின்றால் விரட்டாமல், படம் பிடிக்கப் போகாமல், அது தானாக நகரும்வரை உள்ளேயே இருங்கள்.

இன்னொரு கேள்வி, நடுவில் இரண்டு வாரம் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போய்த் திரும்பினால் என்ன செய்வது என்பது. நாட்டை விட்டு வெளியே போய்த் திரும்பினால் புதிய வருகைதான், வீட்டுக்காரர் படிவத்தை மறுபடி போட வேண்டும். சென்னையில் உறவினர் வீட்டில் தங்கினால் அங்கே அந்த உறவினர் போட வேண்டும். அவருக்கும் முன்கூட்டியே கணக்குத் தொடங்கச் சொல்லிவிடுங்கள்.