குரூசர் பைக்கின் சஸ்பென்ஷனை மேம்படுத்தும் முறை

ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350 போன்ற குரூசர் வண்டிகளில் இருக்கை தாழ்ந்தும் கால்கள் முன்னோக்கி நீண்டும் இருப்பதால், பள்ளம் வரும்போது காலை ஊன்றி எழ வழியின்றி, அதிர்ச்சி முழுவதும் முதுகெலும்பில் இறங்குகிறது.

எதையும் வாங்குவதற்கு முன் டயர் காற்றழுத்தத்தைச் சரிபார்த்து, பின்பக்க ஷாக் அப்சார்பரின் ப்ரீலோடை, அதாவது சுமை ஏறும் முன்பே ஸ்பிரிங்கை அழுத்தி வைத்திருக்கும் அளவை, திருத்திப் பார்க்க வேண்டும். பின்சக்கரம் தரையைத் தொடாதபோது அச்சிலிருந்து நேர் மேலே மட்கார்டில் குறித்த புள்ளி வரை அளந்து, வழக்கமான சுமையோடு நீங்கள் அமர்ந்த பின் மீண்டும் அளந்தால், இரண்டுக்குமான வித்தியாசம் சக்கரத்தின் மொத்த அசைவில் ஏறத்தாழ கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் அமைய வேண்டும். ப்ரீலோடை முழுவதும் ஏற்றிய பிறகும் அந்த வித்தியாசம் மிகுதியாக இருந்தால், உங்கள் எடைக்கேற்ற கடினமான ஸ்பிரிங் தேவை. ப்ரீலோடு வண்டியின் உயரத்தை மாற்றுமே தவிர ஸ்பிரிங்கைக் கடினமாக்காது. பலரும் இதைக் கவனிப்பதில்லை.

புதிய ஷாக் அப்சார்பர்களை ஜோடியாகவே, பழைய நீளத்திலேயே பொருத்துங்கள். தோற்றத்துக்காகக் குட்டையானவற்றைப் பூட்டுவது சவாரியைக் கெடுக்கும். ரீபவுண்டை, அதாவது அமுங்கிய ஸ்பிரிங் மீண்டும் விரியும் வேகத்தை, திருத்தும் வசதிக்குக் கூடுதல் பணம் தருவதோ, என் கணிப்பில், தகும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃோபர்க் குழாய்களில் எண்ணெய் மாற்றினால் இரு பக்கமும் ஒரே மட்டத்தில் நிரப்பி, போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து முறுக்க உதவும் கருவி) கையேட்டில் குறித்த அளவுக்கே முறுக்க வேண்டும்.