‘செல்டம்’: சறுக்கும் இடங்கள்

‘செல்டம்’ (seldom) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘எப்போதாவது’ என்று பொருள் எழுதி மனப்பாடம் செய்கிறோம். தொல்லை அங்கேயே தொடங்குகிறது. ‘எப்போதாவது வருவார்’ என்றால் வருகிறார் என்பதுதான் நம் காதில் விழும். அதற்கு ‘ஒக்கேஷனலி’ பொருந்தும். ‘ஹி செல்டம் கம்ஸ்’ என்பதோ வராததைச் சொல்கிறது. அவர் வருவதே அபூர்வம்.

ஆக, இந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு ‘இல்லை’ உட்கார்ந்திருக்கிறது. அதைக் கவனிக்காததால் வருவதுதான் ‘ஐ டோன்ட் செல்டம் வாட்ச் டிவி’. மனதில் ‘அதிகம் பார்ப்பதில்லை’ என்று ஓடுகிறது; அந்த ‘இல்லை’க்காக ஒரு ‘டோன்ட்’ வந்து ஒட்டிக்கொள்கிறது. இரண்டு எதிர்மறை சேர்ந்ததும் ‘அடிக்கடி பார்ப்பேன்’ என்று பொருள் தலைகீழாகிவிடும். ‘ஐ செல்டம் வாட்ச் டிவி’ போதும். இதே காரணத்தால்தான் ‘ஷி செல்டம் சேஸ் நத்திங்’ தவறு, ‘எனிதிங்’ சரி. வாக்கியத்தின் வாலில் வரும் கேள்வியும் அப்படியே: ‘ஹி செல்டம் கம்ஸ், டஸ் ஹி?’ பலரும் பழக்கதோஷத்தில் ‘டஸன்ட் ஹி?’ என்று முடித்துவிடுகிறார்கள்.

இடம் பற்றி அதிகம் குழம்ப வேண்டாம். வினைச்சொல்லுக்கு முன்னால், ‘இஸ்’, ‘ஆர்’, ‘வாஸ்’ வந்தால் அவற்றுக்குப் பின்னால் (‘ஹி இஸ் செல்டம் லேட்’), துணைவினை இருந்தால் முதல் துணைவினையை அடுத்து (‘ஐ ஹேவ் செல்டம் சீன் இட்’).

வாக்கியத்தின் தலையில் வைக்கும்போதுதான் கை நடுங்கும். ‘செல்டம் ஹி கம்ஸ்’ என்று எழுதக் கூடாது. ‘செல்டம் டஸ் ஹி கம்’. ‘கம்ஸ்’ஸின் வாலில் இருந்த ‘எஸ்’ கழன்று ‘டஸ்’ஸுக்குப் போய்விட்டதைப் பாருங்கள். கேள்வி போலத் தோன்றினாலும் கேள்விக்குறி கிடையாது.

‘செல்டம்லி’ என்று நீட்டாதீர்கள். வால் இல்லாமலே அது வினையடைதான். ‘செல்டம் ஆர் எவர்’ என்பதும் தவறு: ‘செல்டம் ஆர் நெவர்’ அல்லது ‘செல்டம், இஃப் எவர்’.

பேச்சில் ‘செல்டம்’ கொஞ்சம் விறைப்பாக ஒலிக்கும். ‘ஹார்ட்லி எவர்’ இயல்பு. ஆனால் அந்த ‘எவர்’ரை விட்டுவிட்டால் பேச்சு எத்தனை முறை என்பதிலிருந்து எவ்வளவு என்பதற்கு மாறிவிடலாம்: ‘ஐ ஹார்ட்லி நோ ஹிம்’ என்றால் அவரை அவ்வளவாகத் தெரியாது என்று பொருள்.