பிள்ளை வளர்ப்பு இடைவெளிக்குப் பிறகு மறுபடியும் அக்கவுண்ட்ஸ் வேலைக்கு: எங்கே தொடங்குவது?

பி.காம். முடித்து, சில வருடம் கணக்கு வேலை பார்த்து, குழந்தை பிறந்ததும் வீட்டோடு இருந்துவிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். மறுபடி வேலைக்குப் போக நினைத்ததும் பலரும் பழைய ரெஸ்யூமேயில் தேதியை மட்டும் மாற்றி நாலு பக்கமும் அனுப்பத் தொடங்கிவிடுகிறார்கள். பதில் வராதபோது, இத்தனை வருடம் வீட்டில் இருந்ததுதான் காரணம் என்று மனம் நொந்துபோகிறார்கள். முதலில் கையைப் பழக்கிக்கொள்ளுங்கள், ரெஸ்யூமே அப்புறம்.

படி 1: பி.எஃப். எண்ணைத் தேடுங்கள்

பழைய சம்பளச் சீட்டில் 12 இலக்க யூ.ஏ.என். எண் (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) இருக்கும். அந்தக் கணக்கில் இருக்கும் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகின்றனவா, மொபைல் எண் இப்போது உபயோகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறியவர்களுக்கு இங்கேதான் சிக்கல் வரும். புது இடத்திலும் இதே எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். பென்ஷன் பணத்தை எடுக்காமல் விட்டிருந்தால், பென்ஷனுக்குத் தேவையான 10 வருட சர்வீஸில் பழைய வருடங்களும் சேரும்.

படி 2: எது மாறியிருக்கிறது என்று பாருங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். 2017 ஜூலை 1-க்கு முன்பு வேலையை விட்டவர்களுக்கு ஜிஎஸ்டியே புதுசு. அதற்குப் பிறகு விட்டவர்களும் மூன்று விஷயங்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும். 5 கோடிக்கு மேல் விற்பனை உள்ள நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்டிலிருந்து இ-இன்வாய்ஸ் (பில்லை அரசு போர்ட்டலில் பதிவு செய்வது) கட்டாயம். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறிவிட்டன. பெரும்பாலான பொருட்கள் 5 அல்லது 18 சதவீதத்துக்குள் வந்துவிட்டன. புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை.

படித்தால் மட்டும் போதாது, உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டும். டேலி பிரைம் என்ற கணக்கு சாஃப்ட்வேரை எஜுகேஷனல் மோடில் (பழகுவதற்கான முறையில்) இலவசமாகவே ஓட்டலாம். மாதத்தின் 1, 2 போன்ற ஒருசில தேதிகளில்தான் பதிவு போட முடியும், ஆனால் பழக அது போதும். ஒரு மளிகைக் கடையைக் கற்பனை செய்துகொண்டு பத்து கொள்முதல் பில், பத்து விற்பனை பில் போடுங்கள். ஒரு சரக்கைத் திருப்பி அனுப்பி டெபிட் நோட் போடுங்கள். மாதக் கடைசியில் கட்ட வேண்டிய வரியை முதலில் தாளில் கணக்கிட்டு, பிறகு டேலி காட்டும் தொகையோடு ஒத்துப் பாருங்கள். இரண்டும் சேராத இடத்தில் உட்கார்ந்து தேடுகிற அந்த அரை மணி நேரத்தில்தான் பழைய கை திரும்பி வரும்.

படி 3: இடைவெளியை ஒரே வரியில் எழுதுங்கள்

தேதிகளை மறைக்காதீர்கள், "இல்லத்தின் நிதி மேலாளர்" என்று அலங்காரமும் செய்யாதீர்கள். "2018–2025: குழந்தை வளர்ப்புக்காக இடைவெளி. தற்போது டேலி பிரைமில் ஜிஎஸ்டி பயிற்சி முடித்துள்ளேன்" என்றால் போதும். லிங்க்ட்இன்னில் 2022-லிருந்து வேலை இடைவெளியைக் குறிப்பிடத் தனிப் பகுதியே இருக்கிறது. அபார்ட்மென்ட் அசோசியேஷன் கணக்கோ மகளிர் குழு லெட்ஜரோ எழுதியிருந்தால் அதை அவசியம் போடுங்கள். அதுவும் கணக்கு வேலைதான்.

படி 4: சீசனில் கேளுங்கள்

ஆடிட்டர் ஆபீஸ்களில் ஜூன் தொடங்கி வேலை குவியும். வரி ஆடிட் அறிக்கைக்கு வழக்கமான கடைசி நாள் செப்டம்பர் 30. அந்த மாதங்களில் தற்காலிகமாகவாவது ஆள் தேடுவார்கள். இடைவெளிக்குப் பின் நுழைய இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரிந்து இல்லை. பழைய சக ஊழியர்களுக்கு ஒரு போன் போடத் தயங்காதீர்கள்.

படி 5: இன்டர்வியூ

"இத்தனை வருஷம் என்னம்மா பண்ணீங்க?" என்று கேட்பார்கள். குரலைத் தாழ்த்த வேண்டியதில்லை. "பையனைப் பார்த்துக்கிட்டேன் சார், இப்ப ஸ்கூலுக்குப் போறான். போன மூணு மாசமா டேலி பிரைம்ல ரிட்டர்ன் வரைக்கும் போட்டுப் பழகியிருக்கேன், ஒரு பில் கொடுங்க, போட்டுக் காட்டறேன்" என்று சொல்லலாம். பேச்சு வேலைக்குத் திரும்பிவிடும். சம்பளம் பேசும்போது பழைய சம்பளத்தை நீங்களாக முன்வைக்காதீர்கள். அந்த வேலைக்கு உங்கள் ஊரில் இன்று என்ன கொடுக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

படி 6: வீட்டில் தேதி பேசுங்கள்

"பாத்துக்கலாம்" என்ற பதிலை ஏற்காதீர்கள். மாதா மாதம் 7-ம் தேதி டிடிஎஸ் (பிடித்த வருமான வரி) கட்ட வேண்டும், 11-ல் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ரிட்டர்ன்), 20-ல் ஜிஎஸ்டிஆர்-3பி (வரி கட்டும் ரிட்டர்ன்). இந்த நாட்களை ஒட்டி ஆபீஸில் நேரமாகும். அன்று பிள்ளையை ஸ்கூலிலிருந்து யார் கூட்டி வருவது, காய்ச்சல் என்றால் யார் லீவு போடுவது என்று பெயர் சொல்லிக் காலண்டரில் எழுதுங்கள். கணவர் பெயரும் அதில் இருக்க வேண்டும். கைக்குழந்தை இருந்தால் ஆஃபர் வந்ததுமே க்ரீச் (குழந்தைக் காப்பகம்) பற்றிக் கேளுங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் க்ரீச் வசதி சட்டப்படி கட்டாயம், ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்து வரவும் உரிமை உண்டு.