லாஸ் வேகாஸில் காட்டிய துப்பாக்கியும் கடைக்கு வரும் துப்பாக்கியும்

ஷாட் ஷோ என்ற அமெரிக்கத் துப்பாக்கிக் கண்காட்சியில் துப்பாக்கி வாங்க முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒவ்வொரு ஜனவரியும் லாஸ் வேகாஸிலிருந்து வீடியோக்கள் வர ஆரம்பித்ததும், "அங்கேயே போய் வாங்கினால் விலை குறையுமா?" என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார். அது வணிகர்களுக்கான கண்காட்சி. 1979-ல் செயின்ட் லூயிஸ் நகரத்தில் தொடங்கியது, 2010-லிருந்து லாஸ் வேகாஸில் வெனிஷியன் விடுதியை ஒட்டிய அரங்கில் நடக்கிறது, நடத்துவது என்எஸ்எஸ்எஃப் என்கிற தொழில் சங்கம். கடைக்காரர்கள், மொத்த வியாபாரிகள், போலீஸிலும் ராணுவத்திலும் கொள்முதல் பார்ப்பவர்கள், பத்திரிகைக்காரர்கள் போகலாம். பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது. வாரக் கடைசியில் ஊர் ஊராக மேசை போட்டு விற்கிறார்களே 'கன் ஷோ', அது வேறு சமாச்சாரம். நம் பத்திரிகைகள் இரண்டையும் ஒன்றாக்கி எழுதுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

பதினைந்து வருடமாக இந்தக் கண்காட்சிச் செய்திகளை விடாமல் படித்து வருகிறவன் நான். ஆரம்பத்தில் எல்லாவற்றையும் அப்படியே நம்பினேன். இப்போது ஒரே ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: ஜனவரியில் பார்த்ததைப் பற்றி அடுத்த தீபாவளி வரை எந்த முடிவும் எடுப்பதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

மேசையில் இருப்பதெல்லாம் கடைக்கு வந்துவிடும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. 2007-ல் மேக்புல் நிறுவனம் 'மசாடா' என்று ஒரு ரைஃபிளைக் காட்டியது. குழலைச் சுலபமாக மாற்றலாம், வெவ்வேறு தோட்டாவுக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்ளலாம் என்றெல்லாம் சொன்னார்கள், பார்த்தவர்கள் எல்லோரும் கிறங்கிப்போனார்கள். கடைசியில் அது 2010-ல் புஷ்மாஸ்டர் பெயரில் 'ஏசிஆர்' ஆக வந்தது, முதலில் பேசப்பட்ட விலையைவிட எங்கேயோ உயரத்தில். மூன்று வருடம் காத்திருந்தவர்களில் பாதிப் பேர் விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு வேறு எதையாவது வாங்கிக்கொண்டு போனார்கள்.

அதைவிடச் சோகமான கதை ஹட்சன் எச்9. 2017 கண்காட்சியில் எல்லோர் வாயிலும் அந்தப் பெயர்தான். எஃகில் செய்த, 9 மி.மீ. தோட்டா சுடும் கைத்துப்பாக்கி, குழல் கைப்பிடிக்கு மிக நெருக்கமாகத் தாழ்வாக உட்கார்ந்திருக்கும், அதனால் சுடும்போது முனை அதிகம் எகிறாது என்பது வடிவமைப்பின் சாரம். அழகான யோசனை. ஆனால் நிறுவனம் சின்னது, கண்காட்சியில் குவிந்த ஆர்டரைத் தாங்கும் தெம்பு இல்லை, 2019-ல் திவாலானது. வாங்கியவர்கள் கையில் துப்பாக்கி இருந்தது, உத்தரவாதம் தர ஆள் இல்லை, உதிரிபாகத்துக்கும் வழியில்லை. அந்த வடிவமைப்பை டேனியல் டிஃபென்ஸ் வாங்கித் திருத்தி, 2024 கண்காட்சியில் அதே எச்9 பெயரில் மறுபடியும் காட்டியது. ஒரே துப்பாக்கி ஏழு வருட இடைவெளியில் இரண்டு தடவை 'புதுசு' ஆனது! ஒரு சின்ன நிறுவனத்தின் முதல் துப்பாக்கியைப் பார்த்து மயங்கும்போது, அந்த நிறுவனம் ஐந்து வருடம் கழித்து இருக்குமா என்று ஒரு தடவையாவது கேட்டுக்கொள்ள வேண்டும். ஃபோன் வாங்கும்போது கேட்கிறோமே, சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று.

சரி, பெரிய நிறுவனம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா? அதுவும் இல்லை. முதல் தொகுப்பை வாங்குவது இரண்டாவது தவறு. ரெமிங்டன் அமெரிக்காவின் மிகப் பழைய துப்பாக்கி நிறுவனங்களில் ஒன்று. 2014-ல் ஆர்51 என்று ஒரு சின்னக் கைத்துப்பாக்கியைக் கொண்டுவந்தார்கள். நூறு வருடத்துக்கு முன் ஜான் பெடர்சன் செய்த ஒரு வடிவமைப்பைத் தூசி தட்டி எடுத்தது, விலையும் குறைவு. கண்காட்சியில் ஏகப்பட்ட பாராட்டு. கடைக்கு வந்ததும் தோட்டா சிக்குகிறது, மூடுபாகம் சரியாக மூடுவதில்லை என்று புகார் மேல் புகார். அதே வருடம் நிறுவனமே விற்றதைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொல்லி, 2016-ல் திருத்திய பதிப்பைக் கொண்டுவந்தது. அதற்குள் பெயர் கெட்டுப்போயிருந்தது.

சிக் சாவர் பி320-ன் கதை இன்னும் யோசிக்க வைக்கும். 2017 ஜனவரியில், சரியாக ஷாட் ஷோ நடந்துகொண்டிருந்த வாரத்தில், அமெரிக்க ராணுவம் தன் புதுக் கைத்துப்பாக்கியாக அதன் ஒரு வடிவத்தை, எம்17-ஐ, தேர்ந்தெடுத்ததாக அறிவிப்பு வந்தது. இதைவிட என்ன சான்றிதழ் வேண்டும் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆகஸ்டில், கடைகளில் விற்ற பி320 பின்பக்கம் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் தரையில் விழுந்தால் தானாக வெடிக்கலாம் என்று சோதனைகளில் தெரியவந்தது. நிறுவனம் விசையையும் உள்ளே சில பாகங்களையும் இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தது. அதற்குப் பிறகும் விசையைத் தொடாமலே வெடித்ததாக வழக்குகள் வந்தன, நிறுவனம் அதை மறுத்து வருகிறது. ராணுவம் எடுத்தது என்பதும் கடையில் இருப்பது என்பதும் ஒரே பொருள் என்று வைத்துக்கொள்ளக் கூடாது, பெயரும் உருவமும் ஒன்றாக இருந்தாலும்.

ஆனால் முதல் தொகுப்பில் கோளாறு இருந்தாலே அந்தத் துப்பாக்கி குப்பை என்று ஒதுக்குவதும் அவசரம்தான். அதே நிறுவனம் 2018-ல் காட்டிய பி365-ஐப் பாருங்கள். அதற்கு முன்பு உடையில் மறைத்து எடுத்துப்போகும் அளவுக்குச் சின்ன 9 மி.மீ. என்றால் க்ளாக் 43 மாதிரி மேகசினில், அதாவது தோட்டா அடுக்கும் பெட்டியில், ஆறு தோட்டாதான். பி365 ஏறத்தாழ அதே உருவத்தில் பத்து தோட்டா கொண்டது. முதலில் வந்தவற்றில் சுடும் ஊசியில் (தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் பாகம்) கோளாறு, ஸ்பிரிங்கில் கோளாறு என்று புகார்கள் வந்தன, சரிசெய்தார்கள், பிறகு அது அமெரிக்காவில் மிக அதிகம் விற்கும் கைத்துப்பாக்கிகளில் ஒன்றாகிவிட்டது. 2019-ல் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரியின் ஹெல்கேட், 2021-ல் ஸ்மித் அண்ட் வெஸனின் ஷீல்ட் பிளஸ், ருகரின் மேக்ஸ்-9 என்று எல்லோரும் அந்த வழியில் வந்தார்கள். நல்ல யோசனையா என்று ஜனவரியிலேயே ஓரளவு சொல்லலாம். நல்ல துப்பாக்கியா என்று ஆயிரக்கணக்கானவர்கள் ஒரு வருடம் சுட்ட பிறகுதான் தெரியும்.

கண்காட்சிக்கே போய்க் கையில் எடுத்துப் பார்த்தவர் சொன்னால் நம்பலாமே என்பீர்கள். அங்கே காட்சிக்கு இருக்கும் துப்பாக்கிகளில் சுடும் ஊசியைக் கழற்றியிருப்பார்கள், அரங்குக்குள் உயிருள்ள தோட்டா வரவே கூடாது. ஆக, அவர் பார்த்தது எடை, பிடி, விசையின் உணர்வு மட்டும். அதிலும் விசை பெரும்பாலும் பொறுக்கியெடுத்து மெருகேற்றியதாக இருக்கும், பெண் பார்க்கப் போகும் வீட்டில் பஜ்ஜி சுடுவது மாதிரி. கண்காட்சிக்கு முந்தின நாள் ஊருக்கு வெளியே பாலைவனத்தில் சுட்டுப் பார்க்கும் நாள் ஒன்று உண்டு, அதுவும் ஆளுக்குப் பத்து இருபது தோட்டா, நிறுவனமே தேர்ந்தெடுத்த தோட்டா, பக்கத்தில் நிறுவனத்தின் ஆள் துடைத்து எண்ணெய் போட்டபடி நிற்பார். அந்த வீடியோவில் "ஒரு தடவைகூடச் சிக்கவில்லை" என்று யாராவது சொன்னால் அது பொய் இல்லை, ஆனால் அதற்கு மதிப்பும் இல்லை. இன்னொன்று, ஊசி இல்லை என்ற தைரியத்தில் எதிரில் நிற்பவர் முகத்துக்கு நேராகப் பிடித்துக் குறி பார்க்கிற படங்கள் வருடா வருடம் வருகின்றன. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும். காலி என்று தெரிந்த துப்பாக்கியை எப்படிப் பிடிக்கிறாரோ, அப்படித்தான் காலி என்று நினைத்த துப்பாக்கியையும் பிடிப்பார்.

'புதுசு' என்ற சொல்லையும் கொஞ்சம் சுரண்டிப் பார்க்க வேண்டும். பாதிக்கு மேல் பழைய மாடலுக்குப் புது நிறம், அரை அங்குலம் நீண்ட குழல், மேலே ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிபார்க்கும் கருவி) பொருத்தக் குடைந்த இடம், அவ்வளவுதான். இந்தக் குடைந்த இடத்தில்தான் பலர் காசை விடுகிறார்கள். "ரெட் டாட் பொருந்தும்" என்று மட்டும் படித்துவிட்டு ஏதோ ஒன்றை வாங்கினால், திருகுத் துளைகள் ஒத்துப்போகாது. ட்ரிஜிகானின் ஆர்எம்ஆர் ஒரு அளவு, லியூபோல்டின் டெல்டாபாயிண்ட் ப்ரோ வேறு அளவு, சின்னத் துப்பாக்கிகளுக்கான ஷீல்ட் ஆர்எம்எஸ்சி இன்னொரு அளவு. எந்த அளவுக்குக் குடைந்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் வாங்காதீர்கள்.

இனி தோட்டா. புதுத் துப்பாக்கியைவிடப் புதுத் தோட்டா ஆபத்தான ஆசை, ஏனென்றால் தோட்டா சந்தையில் செத்தால் துப்பாக்கியும் கூடவே செத்துவிடும். 2022-ல் ஃபெடரல் நிறுவனம் '30 சூப்பர் கேரி' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 9 மி.மீ. தோட்டாவைவிட மெலிந்தது, அதனால் அதே மேகசினில் ஒன்றிரண்டு தோட்டா கூடுதலாகக் கொள்ளும், வேகமும் குறையாது. கணக்கெல்லாம் சரிதான். ஆனால் 9 மி.மீ. 1902-லிருந்து இருக்கிறது, எந்த ஊரிலும் கிடைக்கும், மலிவு. ஒன்றிரண்டு தோட்டாவுக்காக யார் மாறுவார்கள்? துப்பாக்கி செய்ய முன்வந்த நிறுவனங்களை விரல்விட்டு எண்ணலாம். இதற்கு எதிர் உதாரணம் 2019-ல் வின்செஸ்டர் கொண்டுவந்த .350 லெஜண்ட். ஓஹாயோ, மிச்சிகனின் தென்பகுதி மாதிரி இடங்களில் மான் வேட்டைக்குக் கழுத்து குறுகாத, நேரான உலோக உறையுள்ள தோட்டாதான் ரைஃபிளில் போடலாம் என்று அப்போது விதி இருந்தது. அந்த வேட்டைக்காரர்களுக்கு அது உண்மையிலேயே தேவைப்பட்டது, நிலைத்துவிட்டது. ஆக, யாருடைய எந்தச் சிக்கல் இதனால் தீர்கிறது என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லை என்றால் மற்றவர்கள் வாங்கட்டும்.

இதிலேயே உயிர் போகிற தவறு ஒன்று இருக்கிறது. .300 பிளாக்அவுட் என்ற தோட்டா, ஏஆர்-15 ரைஃபிளின் வழக்கமான 5.56 தோட்டாவின் உறையிலிருந்து பிறந்தது, அதே மேகசினில் அப்படியே உட்காரும், அந்த ரைஃபிளில் குழலை மட்டும் மாற்றினால் போதும் என்பதுதான் அதன் பெருமையே. அந்தப் பெருமையே வினை. இரண்டு வகை ரைஃபிளும் வைத்திருப்பவர் மேகசினை மாற்றி எடுத்துவிட்டால், .308 அங்குலக் குண்டு .224 அங்குலக் குழலில் நுழையப் பார்க்கும், அழுத்தம் போக வழியில்லாமல் ரைஃபிள் கையிலேயே வெடித்துச் சிதறும். மேகசினுக்கு வேறு வேறு நிறம் அடித்து வைப்பவர்களை நண்பர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

சொற்களிலும் குழப்பம் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். ஏஆர் என்றால் ஆர்மலைட், அதை வடிவமைத்த நிறுவனத்தின் பெயர், 'அசால்ட் ரைஃபிள்' என்பதன் சுருக்கம் இல்லை. கடையில் விற்கும் ஏஆர்-15 விசையை ஒரு தடவை அழுத்தினால் ஒரு தோட்டாதான் சுடும். நீண்ட துப்பாக்கி எதைப் பார்த்தாலும் 'இயந்திரத் துப்பாக்கி' என்று தலைப்புப் போடுவது நம்மிடம் வழக்கமாகிவிட்டது. அமெரிக்காவில் 1986-க்குப் பிறகு செய்த இயந்திரத் துப்பாக்கியைப் பொதுமக்கள் வாங்கவே முடியாது, கண்காட்சியில் இருப்பவை போலீஸுக்கும் ராணுவத்துக்கும். சைலன்சர் மாட்டினால் 'புஸ்' என்று மட்டும் கேட்கும் என்பது சினிமா. சத்தம் குறையும், காது தப்பிக்கும், பக்கத்துத் தெருவுக்குக் கேட்காமல் போகாது.

விலைக்கு வருவோம். கண்காட்சியில் சொல்வது நிறுவனம் பரிந்துரைக்கும் விலை, சில மாதம் கழித்துக் கடையில் பெரும்பாலும் அதைவிடக் குறையும், ஆனால் ஆசை சூடாக இருக்கும் முதல் வாரங்களில் அதற்கு மேலும் வைத்து விற்பார்கள். கூடுதல் மேகசின், இடுப்பு உறை, தோட்டா எல்லாம் தனி. புது மாடலுக்கு இடுப்பு உறை கிடைக்கவே சில மாதம் ஆகும் என்பதைப் பலர் வாங்கிய பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள். அப்புறம், வாங்குபவர் வசிக்கும் மாநிலம் முக்கியம். கலிஃபோர்னியாவில் அரசு அங்கீகரித்த பட்டியலில் இல்லாத புதுக் கைத்துப்பாக்கியைக் கடைக்காரர் பொதுமக்களுக்கு விற்க முடியாது. 2013-லிருந்து ஏறத்தாழ பத்து வருடம் புது செமி-ஆட்டோமேடிக் (ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு தோட்டா சுட்டு, அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும்) மாடல்கள் அந்தப் பட்டியலில் ஏறவே முடியாத நிலை இருந்தது, 2023-ல் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் கதவு கொஞ்சம் திறந்தது. அங்கேயும் நியூயார்க், நியூஜெர்சியிலும் பத்து தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின் விற்கக் கூடாது. பதினேழு தோட்டா என்று வீடியோவில் கேட்டுவிட்டு சான் ஹோசேயில் போய்த் தேடினால் கிடைக்காது.

அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்களுக்கு இதைவிடப் பெரிய கண்ணி ஒன்று உண்டு. எச்-1பி, மாணவர் விசா மாதிரி குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது முக்கியமான விதிவிலக்கு. கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு இந்தத் தடை இல்லை. சுடும் இடத்தில் வாடகைக்கு வாங்கிச் சுடுவதும் 'வைத்திருப்பது' என்பதற்குள் வரலாம், ஆகவே லாஸ் வேகாஸ் போன ஜோரில் நாலு தோட்டா சுட்டு ஃபேஸ்புக்கில் படம் போடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள். ஊருக்குத் திரும்பும்போது கொண்டுவந்துவிடலாம் என்ற கனவும் வேண்டாம். இந்தியாவில் 9 மி.மீ. தடை செய்யப்பட்ட வகை, சாதாரண உரிமத்தில் அது வராது. கண்காட்சியில் எல்லோரும் வாய் பிளந்து பார்க்கும் கைத்துப்பாக்கிகளில் முக்கால்வாசி 9 மி.மீ. தான்.